கேமரா காட்டிய சிவப்பு

நவராத்திரி நெருங்கும்போது பத்மநாபபுரத்திலிருந்து தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் இந்தப் பயணம் நிற்கவில்லை. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போய்விட, வேளிமலை முருகன் தங்குவது ஆரியசாலை தேவி கோவிலில்.

சாமி வரும் நேரத்தில் இருட்டத் தொடங்கியிருக்கும். பக்கத்துச் சந்தையான சாலைக் கம்போளத்தின் கடைகளில் நீலம் பாய்ந்த வெள்ளை எல்இடி, கோவில் பக்கம் எண்ணெய் விளக்கின் மஞ்சள். கேமராவோடு நிற்பவர்கள் எடுத்த படத்தைப் பின்திரையில் பார்த்துத் திருப்தியோடு அடுத்த படத்துக்குப் போகிறார்கள். இரவு கம்ப்யூட்டரில், சென்சார் அளந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலைத் திறந்தால், ஒரு நொடி அதே படம் தெரிகிறது. அடுத்த நொடி வெளிறிப்போகிறது. பட்டின் சிவப்பு மங்கி, கறுப்பு சாம்பலாகி, முகங்களில் உயிர் குறைகிறது.

எதுவும் கெட்டுப்போகவில்லை. ரா எடுக்கும்போதும் கேமரா தன் பங்குக்கு ஒரு ஜேபெக் படத்தைத் தயாரித்து அந்த ஃபைலுக்குள்ளேயே செருகிவிடுகிறது. திரையில் மின்னியது அதுதான். லைட்ரூம் போன்ற மென்பொருள் முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு ரா தகவலிலிருந்து தானே ஒரு படத்தை உருவாக்கி அந்த இடத்தில் வைக்கிறது.

ராவில் இருப்பது படம் என்றுகூடச் சொல்ல முடியாது. கோடக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது: பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட வேண்டும். எவ்வளவு மாறுபாடு, சிவப்பு எத்தனை அழுத்தம், தோல் எந்தப் பக்கம் சாயலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு எடுக்கும் முடிவுகள். கேனான் தன் முடிவுகளுக்குப் பிக்சர் ஸ்டைல் என்று பெயர் வைத்தது. நிக்கானுக்குப் பிக்சர் கன்ட்ரோல். ஃபியூஜிஃபில்ம் தன் பழைய ஃபிலிம்களின் பெயர்களையே, புரோவியா, வெல்வியா என்று கொண்டுவந்தது. அந்தக் கணக்குகளை யாரும் முழுதாக வெளியிடுவதில்லை.

ராவில் எடுத்துவிட்டு ஜேபெக்கின் பின்னால் ஓடுவது வீண் என்பவர்கள் உண்டு. அதை ஏற்க முடியவில்லை. தெருவில் நின்றவர் வெளிச்சத்தைக் கூட்டியதும் குறைத்ததும் அந்தத் திரையைப் பார்த்துத்தான். அந்த நேரத்தில் அவர் எதற்குச் சரி என்று தலையாட்டினார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் சான்று அந்த ஜேபெக் ஒன்றே.

அந்த ஜேபெக்கை நெருங்க வழிகள் இருக்கின்றன. லைட்ரூமில் 'கேமரா மேட்சிங்' என்ற ப்ரொஃபைல் வரிசை இருக்கிறது. கேமரா நிறுவனங்களின் நிறத்துக்கு ஒத்துவரும்படி, லைட்ரூமைத் தயாரிக்கும் அடோபி தன் முயற்சியில் செய்தவை அவை. ராதெரபி என்ற இலவச மென்பொருள், உள்ளே செருகிய ஜேபெக்கோடு ஒப்பிட்டு வெளிச்ச அளவுகளை மாற்றும் வளைகோடான டோன் கர்வைத் தானே வரைந்துவிடும். ஃபியூஜிஃபில்மின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் நேரடியானது: யுஎஸ்பி கம்பியில் இணைத்த கேமராவின் ப்ராசசரே ராவை மாற்றித் தருகிறது. கையால் செய்பவர் வெளிச்சத்தை முதலில் சரிசெய்துவிட்டு நிறத்துக்கு வருவது நல்லது. மாறுபாடு கூடினாலே நிறமும் அழுந்தும். முதலிலேயே நிறத்தை ஏற்றியவர் பிறகு இறக்க வேண்டிவரும்.

நிக்கானின் ஆக்டிவ் டி-லைட்டிங் மட்டும் இந்த வழிக்குள் சுலபமாக அடங்காது. அது நிழலைப் படத்தின் இடத்துக்கு இடம் வேறுவேறாகத் தூக்குகிறது. படம் முழுவதற்கும் ஒரே கர்வ் போட்டு அதைப் பிடிக்க முடியாது. அந்த வசதியோடு எடுத்தவருக்கு நிக்கானின் சொந்த மென்பொருளான என்எக்ஸ் ஸ்டூடியோதான் கைகொடுக்கும்.

இத்தனை சொன்ன பிறகும், கேமராவைக் கேட்கக் கூடாத ஓர் இடம் ஆரியசாலையிலேயே இருக்கிறது. பகலில் கடைவாசலில் குவித்த வற்றல் மிளகாயை எடுத்தால், ஜேபெக்கில் பல நேரம் குவியல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடுகிறது. சிவப்புச் சேனல் உச்சத்தில் முட்டிவிட்டால் ஒரு மிளகாய்க்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள நிற வேறுபாடு மறைந்துபோகும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 14 பிட் ராவில் 16,384. சென்சாரே நிரம்பி வழியாதவரை, சுருக்கமும் காம்பும் தோலின் மினுமினுப்பும் ராவில் இருக்கும். சிவப்பின் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கினால் அவை வெளியே வரும். அப்போது படம் கேமரா காட்டியதைவிட மங்கலாகத் தெரியலாம். ஆனால் எது முழுக்காய்ந்த வற்றல், எது ஈரம் போகாதது என்று கடைக்காரரால் அதில் பிரித்துச் சொல்ல முடியும்.