புதைத்து வைத்த அஸ்திவாரம்



மூன்றாண்டு டிப்ளமோவை நான்காண்டாகப் படிப்பவன் நான். கேன்டீனில் டீ, காபி தொடாத ஆள் என்றால் உங்களில் பலருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிடும். "ஏண்டா, டாக்டர் வேண்டாம்னுட்டாரா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சிரித்து மழுப்பியிருக்கிறேன். பதிலை இந்த மலரிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் மார்மன் சபையைச் சேர்ந்தது. மார்மன் என்பது வெளியார் வைத்த பெயர். முழுப்பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 1830-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. டீ, காபி, மது, புகையிலை கூடாது என்பது சபையின் கட்டளை.

ஆனால் நான் எழுத வந்தது டீயைப் பற்றி அல்ல. போட்ட திட்டம் பாதியில் கவிழ்ந்தபோது இந்த விசுவாசம் என்னை எப்படித் தாங்கியது என்பதைப் பற்றி.

என் திட்டம் ரொம்பச் சின்னது. ஆறு செமஸ்டரையும் அரியர் இல்லாமல் முடிக்க வேண்டும்; லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சிவில் இரண்டாம் ஆண்டு சேர வேண்டும். அவ்வளவுதான். நாலாவது செமஸ்டர் தொடங்கிய மூன்றாம் வாரம், ஃபவுண்டரியில் மோல்டராக இருந்த அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ராத்திரி ஆஸ்பத்திரியில் நான், பகலில் அம்மா. வீட்டில் அடுப்பெரிய அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பகலும் நான்தான். வருகை நாட்கள் போதவில்லை. தேர்வு எழுத முடியவில்லை. மறு ஆண்டு அதே நாலாவது செமஸ்டரில் ஜூனியர்களோடு உட்கார்ந்தேன். பெஞ்சு பழசு, பக்கத்து முகம் புதுசு! என் செட் பையன்கள் படிப்பை முடித்து பி.இ. போய்ச் சேர்ந்தார்கள். நம்ம கதை முடிஞ்சுபோச்சு என்றே நினைத்தேன்.

எங்கள் கிளைச் சபையில் சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. கிளைத் தலைவர் தொழிலால் எலக்ட்ரீஷியன். வேலை முடித்து வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு வருவார். அப்பா தலையில் கை வைத்து ஆசி சொல்வார். ஒருநாள் வார்டுக்கு வெளியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, நீ சிவில்தானே? சால்ட் லேக் ஆலயத்தோட அஸ்திவாரக் கதை தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். அவர் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1844-ல் ஜோசப் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. குடியிருந்த ஊரை விட்டுத் துரத்தப்பட்ட ஜனங்கள் பிரிகாம் யங் தலைமையில் கிளம்பி, 1847 ஜூலையில் யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். 1853 ஏப்ரல் 6 அன்று ஆலயத்துக்கு மூலைக்கல் வைத்தார்கள். அஸ்திவாரம் முடியும் சமயம், அமெரிக்க ராணுவம் வருகிறது என்ற செய்தி! 1858-ல் அத்தனை உழைப்பையும் மண் போட்டு மூடி, உழுத வயல் மாதிரி ஆக்கிவிட்டு, மூட்டை முடிச்சோடு தெற்கே போனார்கள். நல்லவேளை, சண்டை நடக்கவில்லை. திரும்பி வந்தார்கள். பின்பு மண்ணை அகற்றிப் பார்த்தால் அஸ்திவாரத்தில் பழுது. "போனால் போகட்டும், மேலே கட்டு" என்று அவர்கள் விடவில்லை. பழுதைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி கட்டினார்கள். இருபது மைல் தொலைவு மலையிலிருந்து கருங்கல்லை மாட்டு வண்டியில் இழுத்து வந்தார்கள். 1873-ல்தான் ரயில் வசதி கிடைத்தது. சுவரின் அடிப்பகுதி கனம் 9 அடி, தோழர்களே!

1877-ல் பிரிகாம் யங் இறந்தபோது சுவர் பாதிகூட எழும்பவில்லை. வரைபடம் போட்ட ட்ரூமன் ஏஞ்சலும் 1887-ல் போய்விட்டார். ஆலயம் பிரதிஷ்டையான நாள் 1893 ஏப்ரல் 6. நாற்பது வருஷம்!

ஜான் மாயில் என்ற கல்தச்சரைப் பற்றியும் சபையில் சொல்வார்கள். வாரா வாரம் 22 மைல் நடந்து வேலைக்கு வருவாராம். மாடு உதைத்து ஒரு காலை இழந்தபின், தானே மரக்கால் செய்து மாட்டிக்கொண்டு மறுபடி நடந்தாராம்.

கதையை முடித்து அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது இதுதான்: "மூடி வெச்சாங்க தம்பி, விட்டுட்டுப் போகல."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என் செமஸ்டரும் மண்ணுக்குள்தானே இருக்கிறது, தொலைந்து போகவில்லையே என்று தோன்றியது.

எங்கள் விசுவாசத்தில் இன்னொன்று உண்டு. இந்த வாழ்க்கையில் சம்பாதித்த அறிவு மரணத்துக்குப் பிறகும் நம்மோடு வரும். மனிதனின் வளர்ச்சி சாவோடு நிற்பதில்லை என்று நம்புகிறோம். அப்படியானால் ஒரு வருஷத் தாமதம் எம்மாத்திரம்? ஞாயிறுதோறும் அப்பமும் தண்ணீரும் வாங்கும்போது கடவுளோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கிறோம். போன வாரம் எப்படிப் போனாலும், இந்த வாரம் புது வாரம். அதனால் கவலை மாயமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை எழுந்து காலேஜுக்கு வரும் தெம்பு கிடைத்தது. ஜூனியர்களோடு உட்கார்ந்தபோதுதான் பெண்டிங் மொமென்ட் டயகிராம் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. இப்போது அதே பசங்கள் சந்தேகம் கேட்டு என்னிடம் வருகிறார்கள்.

அந்த ஆலயத்துக்கு மறுபடியும் அஸ்திவார வேலை வந்தது தெரியுமா? நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டிடத்துக்கு அடியில் 98 பேஸ் ஐசோலேட்டர்களைப் பொருத்துவதற்காக 2019 டிசம்பர் கடைசியில் மூடினார்கள். மூன்றே மாதத்தில், 2020 மார்ச் 18 அன்று, 5.7 அளவு நிலநடுக்கம்! உச்சியில் நிற்கும் தேவதூதன் சிலையின் கையிலிருந்த எக்காளம் கீழே விழுந்தது. கட்டிடம் நின்றது. வேலை தொடர்ந்தது.

அப்பா இப்போது நடக்கிறார். வலது கை மட்டும் இன்னும் வரவில்லை. வரும் ஏப்ரலில் நான் ஆறாவது செமஸ்டர் எழுதுகிறேன். உடனே பி.இ.யா, முதலில் சைட் சூப்பர்வைசர் வேலைக்குப் போய் வீட்டைப் பார்ப்பதா என்பது முடிவாகவில்லை. வேலைதான் என்றால் போவேன். பி.இ.யை மூடி வைப்பேன், விட மாட்டேன்.

அரியர் வைத்திருக்கும் நண்பா, ஃபீஸ் கட்ட முடியாமல் நிற்கும் நண்பா! நீ கும்பிடும் சாமி வேறாக இருக்கலாம், கும்பிடாதவனாகவும் இருக்கலாம். மண் மூடிய இடத்தை மட்டும் மறந்துவிடாதே. நேரம் வரும்போது தோண்டிப் பார். பழுதிருந்தால் மாற்று. பிறகு கட்டு!