ஆர்ச்சர்ட் தெரு, 97ஆம் எண் கட்டடம்

நினைவுச்சின்னம் என்றதும் கோட்டையும் கோபுரமும் மனத்தில் எழும். நியூயார்க் நகரத்து லோயர் ஈஸ்ட் சைடில், ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண்ணில் நிற்பதோ, செங்கல்லால் கட்டிய ஐந்து மாடி வாடகைக் குடியிருப்பு. பிரஷ்யாவிலிருந்து வந்த தையல்காரர் லூகாஸ் கிளாக்னர் 1863இல் கட்டியது. 1935 வரை ஏறக்குறைய 7,000 பேர் இங்கே குடியிருந்தார்கள் என்பது கணக்கு. அவர்களில் கிழக்கு ஐரோப்பாவின் வறுமைக்கும் வன்முறைக்கும் தப்பி வந்த யூதக் குடும்பங்கள் பல. இன்று இது அருங்காட்சியகம். 1994 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம். குடியேறிய குடும்பங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை பெரும்பாலும் ஒன்றே: வெறுங்கையோடு வந்தோம், ராப்பகலாக உழைத்தோம், முன்னுக்கு வந்தோம். அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி இந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதே இதைக் காப்பாற்றுவதற்கான வலுவான காரணம்.

ஒவ்வொரு வீட்டிலும் மூன்று அறைகள். மொத்தம் 325 சதுர அடி. தெருவையோ கொல்லையையோ பார்த்த அறைக்கு மட்டுமே வெளிச்சம். போலந்தின் பிலோன்ஸ்க் நகரிலிருந்து வந்த லெவைன் தம்பதி 1890களில் இப்படியொரு வீட்டில்தான் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, ஆட்களை வைத்து ஆடை தைத்துக் கொடுத்தார்கள். இங்கே உட்சுவரைக் கவனிக்க வேண்டும். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரு ஜன்னல் இருக்கிறது. அழகுக்காக வைத்ததல்ல, இருட்டறைக்குக் கொஞ்சம் வெளிச்சம் போகட்டும் என்று 1901ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் வைக்கச் சொன்னது. கொல்லைப்புறக் கழிப்பறைகளை மட்டுமே நம்பியிருந்த குடித்தனங்களுக்கு அதே சட்டத்தின்படி மாடிதோறும் கழிப்பறை வந்தது 1905இல்தான். இந்தச் சட்டத்தை எதிர்த்து வீட்டுச் சொந்தக்காரர்கள் நடத்திய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1906இல் தோற்றது. எந்தக் குடும்பமும் தன் உழைப்பால் மட்டும் அந்த ஜன்னலைத் திறந்திருக்க முடியாது.

குடும்பக் கதைகள் சொல்லத் தயங்கும் செய்திகளும் இங்கே உண்டு. பிரஷ்யாவில் பிறந்த நட்டாலி கம்பர்ட்ஸின் கணவர் ஜூலியஸ் 1874இல் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. முந்தைய ஆண்டு தொடங்கிய பொருளாதாரச் சரிவில் நகரமே வேலையிழந்து தவித்த காலம் அது. நட்டாலி உடை தைத்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். மாமனார் விட்டுப்போன 600 டாலரைப் பெறுவதற்காக, 1883இல் கணவர் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் ஏறினார். மனைவி மக்களைக் கைவிட்டுப் போனவர்கள் பிற்காலத்திலும் குறையவில்லை; யூதர்களின் இட்டிஷ் மொழி நாளிதழான ஃபோர்வர்ட்ஸ், காணாமல்போன கணவர்களின் படங்களை வரிசையாக வெளியிட்டது. லிதுவேனியாவிலிருந்து வந்த ஆபிரகாம் ரோகர்ஷெவ்ஸ்கி ஆடைகளுக்கு இஸ்திரி போட்டவர்; 1918இல் காசநோயால் இறந்தார். தையல்காரர் நோய் என்றே அதற்கு அன்று பெயர். மனைவி ஃபேனி இதே கட்டடத்தைப் பராமரிக்கும் வேலையை ஏற்று, வாடகையில்லாமல் குடியிருக்க வழி தேடிக்கொண்டார். உழைத்தவர்கள் எல்லோருமே முன்னுக்கு வந்துவிடவில்லை. சிலர் உழைப்பாலேயே மாண்டார்கள்.

இந்தக் கட்டடத்தைக் காப்பாற்றும் வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. சட்டத்தை உயர்த்திப் பேசினால் குடியேறியவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகாதா? ஆகாது. நட்டாலியின் ஊசியும் மெய், அவர் ஏறிய நீதிமன்றப் படியும் மெய். சட்டம் பகையாகவும் நின்றிருக்கிறது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பிய யூதர்களுக்குக் கதவை ஏறத்தாழ அடைத்தது. அதனாலேயே சட்டத்தை விட்டுவிட்டு இவர்கள் வரலாற்றை எழுத முடியாது. அடுத்து, அறைகளில் இன்று காணும் கட்டிலும் பாத்திரமும் பின்னால் கொண்டுவந்து வைத்தவைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் உட்சுவர் ஜன்னல் பின்னால் வந்த ஜோடனையல்ல. சில வீடுகளைப் புதுப்பிக்காமல், அடுக்கடுக்காக ஒட்டிய சுவர்த்தாள் உரிந்து தொங்கும் நிலையிலேயே விட்டிருக்கிறார்கள். எது சான்று, எது கற்பனை என்று பார்ப்பவர் பிரித்தறிய அது போதும். ஏழாயிரம் பேரில் சில குடும்பங்களை மட்டும் எடுத்துச் சொல்வது நியாயமா என்ற கேள்வி இன்னும் கனமானது. அந்தச் சிலர் மற்றவர்களின் பிரதிநிதிகள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லோருக்கும் பொதுவாக இருந்தவை அந்த மாடிப்படியும் சுவரும் இருட்டும்.

1935இல், தீப்பாதுகாப்புக்குப் பணம் செலவழிப்பதைவிட ஆட்களைக் காலிசெய்வதே மேல் என்று சொந்தக்காரர் முடிவெடுத்தார். கீழே கடைகள் நடந்தன. மேல் மாடிகள் பூட்டியே கிடந்தன. 1988இல், இந்த அருங்காட்சியகத்தை நிறுவிய ரூத் ஏப்ரமும் அனிதா ஜேக்கப்சனும் கண்டெடுக்கும் வரை அவற்றை யாரும் மாற்றிக் கட்டவில்லை. அரண்மனைகளைக் காக்க அரசுகள் உண்டு. ஏழைகள் வாழ்ந்த வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. அவற்றையும் நினைவுச்சின்னம் என்று ஏற்று, இடியும் முன் காப்பாற்ற வேண்டும்.