ஆழத்தில் ஹீலியம், அதலபாதாளத்தில் பங்கு

லண்டன் பங்குச் சந்தை திறப்பது காலை 8 மணிக்கு. நிறுவனங்களின் அறிவிப்புகளோ 7 மணிக்கே வரத் தொடங்கிவிடும். சிறு சுரங்க நிறுவனங்களில் பணம் போட்டவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் பிரம்ம முகூர்த்தம். அங்கே ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வீட்டுக் கூரையைச் செப்பனிட ஒதுக்கிவைத்த 1,000 பவுண்டை டான்சானியாவில் ஹீலியம் தேடும் ஒரு நிறுவனத்தில் போட்டிருக்கிறார். மனைவிக்குத் தெரியும். பாதிதான் தெரியும்.

கதை நம்பும்படியாகத்தான் இருந்தது. ஹீலியம் பலூனுக்கு மட்டுமானதல்ல. எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தை மைனஸ் 269 டிகிரி குளிரில் வைத்திருப்பது திரவ ஹீலியம்தான். பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து உண்டாகும் வாயு அது. வழக்கமாக இயற்கை எரிவாயுவோடு ஒட்டிக்கொண்டு வரும். தென்மேற்கு டான்சானியாவின் ருக்வா பள்ளத்தாக்கில் கதை வேறு. எரிமலை வெப்பம் பழம்பாறைகளிலிருந்து அதை விடுவிக்க, நைட்ரஜனோடு சேர்ந்து மேலே கசிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு, டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதை விளக்கியபோது, அங்கே 5,400 கோடி கன அடி ஹீலியம் இருக்கலாம் என்ற மதிப்பீடும் வெளிவந்தது. அந்த 'இருக்கலாம்' மாணவனின் விடைத்தாளில் வந்திருந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பார். இங்கே சுழிக்கவில்லை.

2020 டிசம்பரில் ஹீலியம் ஒன் குளோபல் நிறுவனம், சிறு நிறுவனங்களுக்கான எய்ம் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை 2.84 பென்ஸ். அந்த விலைக்கே கிடைத்ததாக வைத்துக்கொண்டால் (சாமானியருக்கு அவ்வளவு எளிதில் வாய்ப்பதில்லை) 1,000 பவுண்டுக்குச் சுமார் 35,200 பங்குகள். 2021-ல் முதல் கிணறு தோண்டப்பட்ட சமயத்தில் விலை 20 பென்ஸைத் தாண்டியது. ஆசிரியரிடம் 7,000 பவுண்டு, காகிதத்தில். கூரையென்ன, மாடியே எழுப்பலாம். விற்கவில்லை. வாயு வந்த பிறகு எங்கே போகும் விலை என்று மனம் கணக்குப் போட்டது. கிணற்றில் ஹீலியத்தின் அடையாளங்கள் தெரிந்தன. வாயு பீறிட்டு வரவில்லை. விலை சரிந்தது.

சரிவு அவருக்குப் புரிந்தது. புரியாதது வேறொன்று. எண்ணெய் எடுத்து விற்கும் நிறுவனத்துக்கு வருமானம் உண்டு. இன்னும் தேடிக்கொண்டிருக்கும் நிறுவனத்திடம் விற்க இருப்பதெல்லாம் அதன் சொந்தப் பங்குகள்தான். ஒவ்வொரு கிணற்றுக்கும் புதிய பங்குகள் வெளியாகும். 2020-ல் 60 லட்சம் பவுண்டு திரட்ட இந்த நிறுவனத்துக்குச் சுமார் 21 கோடி பங்குகள் போதுமாக இருந்தன. 2023-ல் தோண்டிய கிணறும் உற்சாகம் தராமல் போக, அந்த டிசம்பரில் பங்கு ஒன்றுக்கு 0.25 பென்ஸ் விலையில் ஏறக்குறைய அதே தொகையைத் திரட்டினார்கள். இம்முறை சுமார் 240 கோடி பங்குகள் தேவைப்பட்டன. இதில் மோசடி எதுவும் இல்லை. எல்லாம் முறைப்படி அறிவிக்கப்பட்டதுதான். பாயசத்தின் அளவு மாறவில்லை. பந்தியில் இலைகள் பெருகிவிட்டன. அந்த விலையில் ஆசிரியரின் 1,000 பவுண்டு, 88 பவுண்டு.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணத்தில் தோண்டிய கிணற்றில்தான் வாயு வந்தது. 2024 பிப்ரவரியில் இட்டும்புலா மேற்கு-1 கிணற்றிலிருந்து ஹீலியம் தரைக்கு வந்ததாக அறிவிப்பு. ஆண்டின் பிற்பகுதியில் நடந்த நீண்ட சோதனையில், வந்த வாயுவில் 5 சதவீதத்துக்கும் மேல் ஹீலியம். பங்கு விலை ஏறத்தான் செய்தது. கூடவே மீண்டும் புதிய பங்குகளும் வெளியாயின. 2025-ல் சுரங்க உரிமமும் கிடைத்தது.

அவர் நம்பியது நடந்துவிட்டது. ஆனால் மொத்தப் பங்குகள் 500 கோடியைத் தாண்டிவிட்டன. போட்ட பணம் அப்படியே திரும்பி வருவதற்கே நிறுவனத்தின் மதிப்பு 14 கோடி பவுண்டுக்கு மேல் போக வேண்டும். இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் எட்டாம் வகுப்பு மாணவனுக்குக்கூடப் புரியும். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

கூரை இன்னும் ஒழுகுகிறது. மழை பெய்த இரவுகளுக்கு மறுநாள், 7 மணி அறிவிப்புக்கு முன்னால் பரணுக்கு ஏறி வாளியைக் காலி செய்துவிட்டு வருகிறார்.