எங்கள் வீட்டு மோட்டார்



மதரஸாவில் ஒவ்வோர் ஆண்டும் தூய்மை அத்தியாயத்தில்தான் பாடம் தொடங்கும். நிறம், சுவை, வாடை மூன்றும் மாறாத தண்ணீரின் சட்டங்களைப் பதினெட்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு அந்தப் பாடத்தின்போது நான்கு பிள்ளைகள் வரவில்லை. நால்வருக்கும் மஞ்சள் காமாலை. நால்வரும் எங்கள் தெருவினர்.

எங்களூர் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது. கிணற்று நீர் உவர்ப்பு. துவைக்க ஆகும், குடிக்க ஆகாது. குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய்தான். மூன்று நாளுக்கொரு முறை, ஒரு மணி நேரம் வரும். கடைக்கோடி வீடுகளில் ஒரு குடம் நிறைவதே பெரும்பாடு. உம்மாவின் முழங்கால் வலியைக் காரணம் காட்டி, நான்கு ஆண்டுகளுக்கு முன் குழாயிலேயே அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைப் பொருத்தினேன். அதற்கு அனுமதியில்லை என்பது தெரியும். தெருவில் எல்லோரும் வைத்திருக்கிறார்களே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மாணவன் ஒருவன் இப்படிச் சாக்குச் சொல்லியிருந்தால் ஏற்றிருக்க மாட்டேன்.

சுகாதார ஆய்வாளர் வீடு வீடாக வந்தார். எங்கள் குழாய் நீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்துச் சில சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாக வேண்டுமாம். நிறம் மாறவே இல்லை. நிறம் மாறாததைக் கண்டு நான் அஞ்சியது அன்றுதான் முதல் முறை.

குழாய் செல்லும் வழியிலேயே சாக்கடையும் செல்கிறது. தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை விரிசல் வழியே உள்ளிருப்பது வெளியே கசியும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் வெளியே இருப்பது உள்ளே வரும். "உங்கள் மோட்டார் தண்ணீரை மட்டும் இழுக்கவில்லை, ஹஜ்ரத்" என்றார் அவர்.

அப்போது தலைப்பிரசவத்திற்காக என் தங்கை வந்திருந்தாள், எட்டாம் மாதம். நீரால் பரவும் காமாலையில் ஹெப்பாடிட்டிஸ் ஈ என்னும் வகை கர்ப்பிணிகளின் உயிரையே பறிக்கக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்தார். அன்றிலிருந்து நன்கு கொதிக்கவைத்து ஆறிய நீரையே குடிக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், அவளுக்கு எதுவும் நேரவில்லை. நான்கு பிள்ளைகளில் ஒருவன் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தான். அவன் வீடு கடைக்கோடியில் இருக்கிறது. அவர்களிடம் மோட்டார் இல்லை.

ஹர்ராவின் வாய்க்கால் நீர் தொடர்பாக ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் எழுந்த வழக்கு புகாரியில் பதிவாகியுள்ளது. நீர் முதலில் வந்துசேரும் இடத்திலிருந்த ஸுபைரிடம், தம் நிலத்திற்குப் பாய்ச்சிக்கொண்டு பின் அண்டை நிலத்தாருக்கு விட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் முதலில் கூறினார்கள். இதைப் பாசனச் சட்டமாகவே நடத்தி வந்தேன். என் வீட்டுக் குழாய் நினைவுக்கு வந்ததே இல்லை.

அந்த வாரமே மோட்டாரைக் கழற்றினேன். ஜமாஅத்தில் எழுந்து காரணத்தையும் சொன்னேன், வெட்கமாகத்தான் இருந்தது. சிலர் கழற்றினார்கள். விரிசல் விட்ட பகுதியை மாற்ற மனுக் கொடுத்து, இரண்டு மாதங்களில் வேலை முடிந்தது. இப்போது தண்ணீர் வரும் நாளில் என் மகன் ஸுபுஹுக்கு முன் எழுந்து குடங்களில் பிடிக்கிறான். உம்மா அவ்வப்போது முணுமுணுக்கிறார்.

மூன்று வீடுகளில் மோட்டார் இன்னும் ஓடுகிறது. அந்த நேரத்தில் சத்தம் நன்றாகக் கேட்கும். அவற்றில் ஒன்று என் வாப்பாவின் நண்பர் வீடு. வயதில் மூத்தவர் என்று தள்ளிப்போட்டு வருகிறேன். இந்த வெள்ளிக்கிழமை சென்று பேச வேண்டும், இன்ஷா அல்லாஹ்.