அப்பாவின் அளவு நோட்டு... ஆரி ஊசியை ஓரம் வைத்த ஓர் ஆடி மாதம்!

கும்பகோணம் பக்கத்தில் ஒரு சிற்றூர். முகூர்த்த மாதங்களில் அந்த வீட்டுத் திண்ணையில் ஆரி ஃப்ரேம் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. 16 வருடங்களாக மணப்பெண் பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்கிறார் அவர். கழுத்துக்கு மயில், கைக்குக் கோபுரம், முதுகில் குஞ்சம். இடது கையில் 12 முத்து வந்தால் வலது கையிலும் 12 வந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிரித்துவிடுவார்.

அப்படிப்பட்டவர், போன ஆடி மாதம் முழுக்க டீ டிகாஷனில் பேப்பரை நனைத்துக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காரணம், அப்பா.

அப்பா அந்த ஊர் டெய்லர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரே ஒரு மெஷின் போடும் அளவுக்கு இடம். 40 வருட வாழ்க்கை அதிலேயே ஓடியது. அவர் இறந்த பிறகு கடையைக் காலி செய்தபோது மிஞ்சியவை, ஒரு தகர டப்பா நிறைய பட்டன், பெரிய கத்தரிக்கோல், எண்கள் தேய்ந்துபோன இன்ச் டேப், சில துண்டு டெய்லர் சாக், ஏழு அளவு நோட்டுகள்.

“பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடலாம்க்கா” என்றார் தம்பி. ஒரு நோட்டைப் புரட்டிய பிறகு அவருக்கு மனசு வரவில்லை.

ஊர்க்காரர்களின் மார்பு, இடுப்பு, கை நீளங்களுக்கு நடுவே, ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு வரி இருந்தது. ‘பாப்பா பாவாடை.’ பக்கத்தில் நீளம். 18, 20, 21½, 24... 36 வரை போய், அதற்குப் பிறகு ‘பாப்பா ஜாக்கெட்’ என்று மாறியிருந்தது. மகள் வளர்ந்ததை அப்பா இன்ச் இன்ச்சாக எழுதிவைத்திருந்தார்.

ஆவணியில் தலைத்திவசம். அதற்குள் இதையெல்லாம் வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. கல்லூரியில் படிக்கும் மகள்தான் வழி சொன்னார். “ஒரே பலகையில பேப்பர், துணி, பட்டன், பெயின்ட் எல்லாத்தையும் சேர்த்துப் பண்றதும்மா. மிக்ஸட் மீடியான்னு சொல்வாங்க.”

முதலில் வந்தது கல்யாண பிளவுஸ்!

பழகிய கை சும்மா இருக்குமா? முதல் பலகையில் நடுவில் அப்பாவின் போட்டோ, சுற்றிலும் ஜர்தோசி, நான்கு மூலைகளிலும் குந்தன் கல். அளவெடுத்தாற்போல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மகள் பார்த்துவிட்டுச் சிரித்தார். “தாத்தாவுக்கு ரிசப்ஷன் வெச்ச மாதிரி இருக்கும்மா.”

கோபம் வந்தாலும், அது உண்மை என்று அவருக்கும் தெரிந்தது. வெள்ளை வேட்டி, அரைக்கை பனியன், கழுத்தில் டேப். அதுதான் அப்பா. அவர் வாழ்க்கையில் எங்கே இருந்தது குந்தன் கல்? அன்று இரவே எல்லாவற்றையும் பிரித்தார்.

தெரிந்த வேலையை விட்டு, தெரியாத வேலையில் கை வைப்பது எந்தக் காலத்திலும் சுலபமில்லை. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த மேரி டெலானி, நேர்த்தியான எம்பிராய்டரிக்குப் பேர்போனவர். கணவரை இழந்து சில ஆண்டுகள் கழித்து, 70 வயதைத் தாண்டிய பிறகு, வண்ணக் காகிதங்களைப் பொடிப்பொடியாக வெட்டி, கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். சிலவற்றில் நிஜ இலைகளையும் சேர்த்து ஒட்டினார். பார்வை மங்கும் வரை அவர் செய்தவை ஆயிரத்தை நெருங்கும். இன்றும் அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. 1912-ல் பிக்காசோ, ஓவியத்தில் அச்சிட்ட துணியை ஒட்டி, சுற்றிலும் நிஜக் கயிற்றையே சட்டமாக வைத்தார். வீட்டில் கிடக்கும் பொருளும் படமாகலாம் என்பது அப்படித்தான் பரவியது.

நீலமாகக் கரைந்த பக்கம்

இரண்டாவது பலகையில்தான் அந்தத் தவறு நடந்தது. ஒரிஜினல் பக்கத்தையே ஒட்டினால்தான் உயிர் இருக்கும் என்று நினைத்தார். ஒரு பக்கத்தைக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைப் பிரஷ்ஷால் தடவினார். அப்பா எழுதியது மைப் பேனாவில். தடவிய வேகத்தில் எழுத்து முழுக்க நீலமாகக் கரைந்து ஓடியது. டிஷ்யூ வைத்து ஒற்றுவதற்குள் எல்லாம் போய்விட்டது.

அது அம்மாவின் பக்கம். கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு அப்பா முதன்முதலாகத் தைத்த ஜாக்கெட்டின் அளவு அதில்தான் இருந்தது. கிழிக்கும்போது அதை அவர் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் பலகையைத் தொடவே இல்லை. சாப்பாடும் சரியாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் அம்மாவிடம் சொல்லி அழுதுவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் அந்த நீலக் கறையையே பார்த்தார்.

“போகட்டும் விடு பாப்பா. அந்த அளவு இப்ப எனக்கு எதுக்கு?”

சொல்லிவிட்டு உள்ளே போய், டிரங்குப் பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு அரக்கு ஜாக்கெட்டை எடுத்துவந்தார். அப்பா தைத்த அதே முதல் ஜாக்கெட். “நோட்டுல இல்லைன்னா என்ன, துணியில இருக்கே. அளந்துக்கோ.”

அப்பாவின் டேப்பாலேயே அளந்தார்கள். தளர்வுக்கு விட்டதைக் கழித்தால் மார்பு 30. கை நீளம் 7½. அளந்து முடித்ததும் அம்மா ஜாக்கெட்டை மடித்துப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். பலகைக்குக் கொடுக்கவில்லை. இவரும் கேட்கவில்லை.

மூன்றாவது பலகை

இந்த முறை எல்லாப் பக்கங்களையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். டிகாஷனில் நனைத்ததும் அவை பழைய நோட்டின் நிறத்துக்கு வந்தன. ‘பாப்பா பாவாடை’ வரிகள் மட்டும் கீழிருந்து மேலாக ஏறின. பக்கத்தில் வேட்டித் துணி, காடாத் துணி, டப்பாவிலிருந்து ஒன்றோடொன்று பொருந்தாத பட்டன்கள். ஒரு மூலையில் அந்த நீலக் கறைப் பக்கம் அப்படியே. அதன் மேல் அப்பாவின் சாக்கால் 30, 7½ என்று எழுதினார்.

கடைசியாக, வேட்டித் துணியில் கையால் ஒரு காஜா எடுத்தார். பத்து வயதில் அப்பா கடையில் முதலில் கற்றுக்கொண்ட வேலை அதுதான். பல வருடம் கழித்து எடுத்ததால் தையல் கொஞ்சம் கோணியது. கை தானாகப் பிரிக்கப் போனது. பிரிக்கவில்லை.

நீங்களும் செய்ய நினைத்தால்...

* பழைய கடிதம், நோட்டு எதுவானாலும் ஒரிஜினலைத் தொடாதீர்கள். பிரதியை ஒட்டுங்கள். கடை ஜெராக்ஸும் லேசர் பிரின்ட்டும் பசை ஈரத்தைத் தாங்கும். வீட்டு இங்க்ஜெட் பிரின்ட் பெரும்பாலும் கலங்கிவிடும்.

* கேன்வாஸை விட பிளைவுட் நல்லது. கத்தரிக்கோல் போன்ற கனமான பொருளுக்குப் பசை போதாது. துளையிட்டு, மெல்லிய கம்பியால் பின்பக்கம் கட்டுங்கள்.

* ஒரு அடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. சுருக்கம் விழுந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

* சாக் எழுத்தைக் கை பட்டால் அழித்துவிடும். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி உள்ள பாக்ஸ் ஃப்ரேம் போடுங்கள்.

தலைத்திவசத்தன்று வந்த உறவினர்களில் ஒருவர், பலகையைப் பார்த்து, “என்னம்மா, ஒரு கல்லுகூட வைக்கலை?” என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. தம்பிதான் வெகுநேரம் அதன் முன்னால் நின்றிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், “அக்கா, அந்த நோட்டுல என் டிராயர் அளவும் இருக்கா?”

இருந்தது. நான்காவது நோட்டில்.