ஏரியில் நான் விட்ட எதிரி

குற்றவாளிக் கூண்டிலே ஏறி நின்று, "குற்றம் புரிந்தவன் நானே" என்று கூறுவது எளிதன்று. பிறர் செய்த பிழையைப் பேசச் சொன்னால் மேடைதோறும் முழங்குகிறோம்; நாம் செய்த பிழையைப் பேசச் சொன்னாலோ நா எழுவதில்லை! எனினும் இன்று எழுதுகிறேன். ஏனெனில், என் பிழையால் நலிந்தது ஓர் ஏரி. அந்தப் பழியைச் சுமக்க இருந்தவர்களோ ஏதுமறியாத சேரி மக்கள்.

எங்கள் ஊர் ஏரி பெரிதன்று. ஒரு கரையில் நின்று கூவினால் மறுகரையில் கேட்கும். ஆனால், ஏழையின் அடுப்பிலே என்றேனும் மீன் மணந்ததென்றால், அது அந்த ஏரி தந்த கொடை. என் தந்தை குத்தகை நிலத்திலே உழைத்தவர். பொழுது சாய்ந்ததும் மூங்கில் கழியும் தூண்டிலுமாகக் கரைக்கு வருவார். வால்போல் நானும் உடன் வருவேன். பள்ளிக்கூடம் எனக்கு எழுத்தைக் கற்பித்தது. ஏரிக்கரை எனக்கு உற்றுநோக்கக் கற்பித்தது.

"தண்ணீரைப் பார்க்காதே, தண்ணீர் அசைவதைப் பார்" என்பார் தந்தை. விரால், மற்ற மீன்களைப் போன்றதன்று. நீரிலே கரைந்துள்ள காற்று மட்டும் அதற்குப் போதாது. அவ்வப்போது மேலெழுந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டே கீழே செல்லும். எழுந்த இடத்திலே ஒரு சிறு வட்டம். சற்று நேரங் கழித்து, சற்றுத் தள்ளி மற்றொரு வட்டம். இரண்டையும் கண்டவன், மூன்றாவது எங்கே எழும் என்று கணக்கிட்டுத் தூண்டிலை வீச வேண்டும். விராலுக்கு இரை சிறு தவளை. கெளுத்திக்கு மண்புழு, அதுவும் அடித்தரையைத் தொடுமாறு. கெண்டைக்குப் பிசைந்த மாவுருண்டை. தக்கை நடுங்கினால் இழுக்காதே, மீன் சுவை பார்க்கிறது. தக்கை சாய்ந்து ஓடினால் இழு, அப்போதுதான் விழுங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்கு இறங்கும்; ஆகவே விடியலும் அந்தியுமே ஏற்ற வேளை. உன் நிழல் நீரில் விழாமல் நில். கரையிலே ஓங்கி அடி வைக்காதே. அதிர்வை உணரும் உறுப்பு மீனின் பக்கவாட்டிலே நெடுகிலும் உண்டு.

இவை அனைத்துக்கும் மேலாக ஒரு விதி வைத்திருந்தார். கோரையோரத்திலே செந்நிறக் குஞ்சுகள் திரளாகச் சுழன்றால், அருகிலே தாய் விராலோ தந்தை விராலோ காவல் நிற்கும். அப்போது வீசும் தூண்டிலை அது கவ்வாமல் விடாது. பசியால் அன்று, பிள்ளைப் பாசத்தால்! "இதைப் பிடிப்பதற்குத் திறமை வேண்டியதில்லை. பிடித்தால் நாளை இந்தக் குஞ்சுகளும் இல்லை, நாளை மறுநாள் நமக்கும் இல்லை" என்று கூறித் தூண்டிலைச் சுருட்டிவிடுவார்.

கோடையிலே ஏரி வறண்டு வெடிக்கும். முதல் மழை பெய்த மறுநாள் பள்ளத்து நீரிலே மீன் துள்ளும். "வானத்திலிருந்து மீன் மழை பெய்தது, அம்மனின் அருள்" என்று கன்னத்தில் போட்டுக் கொள்வர் ஊரார். தந்தை என்னை அழைத்துச் சென்று, வெடித்த சேற்றைத் தோண்டி, அடியிலே எஞ்சிய ஈரத்தில் உயிரோடு கிடந்த விராலை எடுத்துக் காட்டினார். வானத்தை நோக்கிக் கும்பிட்ட கைகள், மண்ணை ஒரு முழம் தோண்டிப் பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும்!

பனையேறிக் கெண்டையின் கதையும் அத்தகையதே. 1791 ஆம் ஆண்டு, தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அலுவலர், பனைமரத்தின் மேல் ஒரு மீனைக் கண்டதாக எழுதினார், உலகமே வியந்தது. செவுள் மூடியின் முட்களை ஊன்றி, ஈரத் தரையிலே குளம் விட்டுக் குளம் நகர வல்லது அந்த மீன் என்பது உண்மை. ஆயின், மரமேறும் பழக்கம் அதற்கு உண்டென்று எவரும் மெய்ப்பித்தாரில்லை. பறவை தூக்கிச் சென்று போட்டிருக்கலாம் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எனினும் என்ன? பெயரிலே பனையேறிய அந்த மீன், இன்றுவரை இறங்கவில்லை!

இப்படி ஆராய்ந்து பார்க்கக் கற்ற நான், 1998 இல் என்ன செய்தேன்?

படித்திருந்தேன். முன்னேற்றம் பற்றி மூச்சுக்கு முந்நூறு முறை பேசினேன். ஏரிக்கு மேலே, எங்கள் நிலத்தின் மூலையில் ஒரு குட்டை வெட்டி, ஒரு வணிகரிடம் மீன்குஞ்சு வாங்கி வந்தேன். ஆப்பிரிக்கக் கெளுத்தி! சில திங்களிலே கிலோக் கணக்கில் வளரும். கழிவைப் போட்டாலும் தின்னும். நீர் கெட்டாலும் சாகாது. ஏழைக்கு மலிவான புரதம் என்று மகிழ்ந்தேன். அதன் தாயகம் எது, அது இங்கே என்ன செய்யும், அதைத் தடுக்க இங்கே எதிரி உண்டா என்று ஒரு வினாவும் நான் எழுப்பவில்லை. வினா எழுப்பியவர் தந்தை.

"இது எதைத் தின்னும்?"

"எதை வேண்டுமானாலும் தின்னும் அப்பா, அதுதான் இதன் சிறப்பு."

"அப்படியானால் நம் விராலையும் தின்னுமே?"

நான் சிரித்தேன். பழமை பேசுகிறார் என்று எண்ணினேன். தோழர்களே, அன்று பகுத்தறிவோடு பேசியவர் கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அந்த உழவர். விளம்பரத் தாளை வேதமாக நம்பிய பக்தன் நான்!

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை கொட்டியது. குட்டை நிரம்பி வழிந்தது. வழிந்த நீர் எங்கே போகும்? ஏரிக்குத்தான். நீரோடு மீனும் போயிற்று. 2000 ஆம் ஆண்டில் அம்மீனை வளர்ப்பதற்கு நடுவண் அரசு தடை விதித்தது. தாளிலே தடை வந்தபோது, தண்ணீரிலே அது குஞ்சு பொரித்துக் கொண்டிருந்தது.

2003 கோடையில், வறட்சியால் ஏரி குட்டையாகச் சுருங்கியது. வழக்கம்போல் ஊரே கூடைகளும் ஊத்தாக்களும் ஏந்தி இறங்கிற்று. விரால் வரும், ஆரல் வரும், குறவை வரும் என்று காத்திருந்தோம். வந்தவை யாவை? கரிய உடலும், தட்டைத் தலையும், நீண்ட மீசையும் கொண்ட கெளுத்திகள்! கூடைக்குக் கூடை அவையே. விரால் என்று சொல்ல விரல்விட்டு எண்ணத்தக்கவையே கிடைத்தன, அயிரை அரிதாயிற்று.

அன்றிரவு ஊர்க்கூட்டம். "அம்மன் குற்றம்" என்றார் ஒருவர். "கிடா வெட்ட வேண்டும், தலைக்கட்டுக்கு வரி போட வேண்டும்" என்றார் மற்றவர். இன்னொருவர் எழுந்தார்: "சேரிக்காரர்கள் நம் படித்துறையில் இறங்கத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கேடு வந்தது. இனி அவர்கள் ஏரியில் கால் வைக்கக்கூடாது." தலைகள் அசைந்தன, ஆமோதித்து அசைந்தன! கூட்டத்தின் ஓரத்திலே, தரையில் அமர்ந்திருந்த சேரி முதியவர் இருவர் ஒன்றும் பேசவில்லை. காரணம் இன்னதென்று தெரியாத இடத்திலே பழியைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குக் குப்பைத் தொட்டியாக ஒரு சாதியை வைத்திருக்கிறதல்லவா நம் சமுதாயம்!

எனக்கு உண்மை தெரியும். ஆனால் நா எழவில்லை. எழுந்து பேசினால் என் பெயர் கெடும். பேசாவிட்டால் அவர்கள் பிழைப்புக் கெடும். அரை நாழிகை அமர்ந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். பிறகு எழுந்தேன். பகலில் பிடித்த பெரிய கெளுத்தி ஒன்றை எடுத்து வரச் செய்து, விளக்கொளியிலே அதன் வயிற்றைக் கிழித்தேன். உள்ளே விரல் நீள விரால் ஒன்று, சில அயிரைகள், நத்தை ஓடு, பாதி செரித்த தவளை.

"அம்மன் தின்னவில்லை, அவர்கள் தீட்டும் தின்னவில்லை. தின்றது இது. இதைக் கொண்டுவந்தவன் நான்" என்றேன்.

ஏசினர், சிலர் அடிக்கவும் வந்தனர். மீன் விற்கும் கிழவி ஒருத்தி மட்டும், "சாமி குத்தம்னு சொன்னாங்க, கடைசியில உன் குத்தமா தம்பி?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலே கூட்டம் சிரித்தது, சினம் தணிந்தது. கிடா வெட்டு நடந்தது, அதை நான் தடுத்துவிட்டேன் என்று பெருமை பேச மாட்டேன். ஆனால், சேரி மக்களுக்கு விதிக்க இருந்த தடை விதிக்கப்படவில்லை. அதே வாய்க்காலில் நீர் பெறும் பக்கத்து ஏரியிலிருந்து விரால் குஞ்சுகள் வாங்கி விட வேண்டும் என்று எனக்குத் தண்டம் போட்டனர், மகிழ்ச்சியோடு செலுத்தினேன். வீடு திரும்பும் வழியில் தந்தை சொன்னது ஒன்றே: "மீன் பிடிக்கக் கற்றாய், எந்த மீனை எங்கே விடுவது என்று கற்கவில்லை."

கெளுத்தி ஒன்றே காரணம் என்று நான் கூறினால், அம்மன் ஒன்றே காரணம் என்றவருக்கும் எனக்கும் வேறுபாடு இல்லாமற் போகும். வயலுக்குத் தெளித்த நஞ்சு மழையோடு ஏரியில் இறங்கியது. வரத்து வாய்க்கால் தூர்ந்தது. கோரையும் அல்லியும் இருந்த கரையோரத்தை ஆகாயத் தாமரை மூடியது. குஞ்சையும் விடாத சிறுகண் வலை வந்தது. பல கைகள் சேர்ந்து செய்த கொடுமை இது. அவற்றுள் ஒரு கை என்னுடையது.

நாட்டின் நிலையும் இதுவே. ஜிலேபிக் கெண்டை என்று நாம் அழைக்கும் திலாப்பியா, 1952 இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் தாய் தன் வாயிலேயே வைத்துக் காக்கும், சில திங்களிலேயே இனம் பெருக்கும், குளமெல்லாம் அதுவாயிற்று. கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் முட்டையிட ஏறி வந்த உல்லம் மீனின் வழியை அணைகள் அடைத்தன. 1934 இல் மேட்டூர் அணை எழுந்தபின், வெள்ளப் பெருக்கும் குறைந்தது, அம்மீனின் வரவும் குறைந்தது. அணையால் வயல் விளைந்தது, மறுக்கவில்லை. ஆனால் மீனுக்கு ஒரு வழி விட வேண்டும் என்ற நினைவு நமக்கு எழவில்லை.

காவிரியின் திமில் மாசீர் மீனைக் கேளுங்கள். 1946 இல் கபினி ஆற்றிலே தூண்டிலில் சிக்கிய மாசீர் ஒன்று 120 பவுண்டு இருந்தது. அத்தகைய மீன் அருகுகிறதே என்று கவலைப்பட்ட தூண்டில் ஆர்வலர்கள், 1970களிலிருந்து குஞ்சு பொரிப்பகங்களில் வளர்ந்த நீலத் துடுப்பு மாசீரைக் காவிரியில் விட்டனர். அன்போடு செய்த செயல்தான்! விளைவு? வந்த இனம் பெருகியது. இருந்த இனம் ஒடுங்கியது. 2018 இல்தான் திமில் மாசீருக்குரிய அறிவியல் பெயரே உறுதியாயிற்று. அதே ஆண்டு, அற்றுப்போகும் தறுவாயில் உள்ள உயிர்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பெயர் தெரியுமுன்பே அழியும் நிலைக்குத் தள்ளிவிட்டோம்!

இளைஞர்களே! தூண்டில் பிடியுங்கள், அது பொறுமையையும் கூர்நோக்கையும் வளர்க்கும். ஆனால், குஞ்சோடு திரியும் மீனைத் தொடாதீர்கள். சிறு மீன் சிக்கினால் கையை நனைத்துப் பிடித்து, மேல் வழுவழுப்பு உரியாமல் நீரில் விடுங்கள். நஞ்சு கலந்தும் மின்சாரம் பாய்ச்சியும் பிடிப்பவரைத் தடுங்கள். ஒரு நீரின் மீனை அயல் நீருக்குக் கொண்டு போகாதீர்கள். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அலுத்துப்போன மீனை, இரக்கப்பட்டுக் குளத்தில் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் மட்டும், தயங்காது வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். குழம்புக்கு அது குற்றமில்லை! எவர் எதை "முன்னேற்றம்" என்று கொண்டுவந்தாலும், என் தந்தை கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: இது எதைத் தின்னும்?

2003 முதல் கோடைதோறும், ஏரி சுருங்கும்போது, ஊரும் சேரியும் ஒன்றாக இறங்கிச் சேற்றைத் தோண்டிக் கெளுத்திகளை அகற்றி வருகிறோம். முற்றாக ஒழிந்தபாடில்லை. தந்தை 2009 இல் மறைந்தார். சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, அவர் அமரும் அதே கரையில் அமர்ந்திருந்தேன். கோரையோரத்திலே நீர் சிவந்து சுழன்றது. குஞ்சுகள்! எங்கள் விரால் குஞ்சுகள்! பக்கத்தில் அமர்ந்திருந்த சேரிச் சிறுவன், தூண்டிலை ஓங்கினான். அவன் கையை மெல்லப் பிடித்தேன், காரணத்தைச் சொன்னேன். அவன் நூலைச் சுருட்டினான். இருவரும் இருட்டும்வரை பார்த்துக் கொண்டிருந்தோம்.