நிற்கிறபோது பார்க்க வேண்டும்

வல்லநாட்டுப் பாலத்தைக் கடக்கும்போது இப்போதும் என் வலக்கால் ஒருகணம் இறுகுகிறது. அந்தக் காரைக் கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் தாமிரபரணி கண்ணில் பட்டதும் கால் ஆக்ஸிலேட்டரில் இன்ஜினின் அதிர்வைத் தேடுகிறது. அது திடீரென்று இல்லாமல்போன ஒரு மதியத்தைக் கால் இன்னும் மறக்கவில்லை.

தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போய்வர வாங்கிய பெட்ரோல் கார் அது. காலையில் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. மதியம் திரும்பும்போது, வெயில் தார்ச்சாலையில் அலையடிக்க, ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஒரு முனகல்கூட இல்லாமல் இன்ஜின் அணைந்துவிடும். ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக் ஓரிரு மிதிக்குத்தான் இளக்கமாக இருக்கும். பிறகு முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். பின்னால் துறைமுக லாரி ஹாரன் அடிக்கும். ஓரங்கட்டி வேப்பமர நிழலில் அரைமணி காத்திருந்து சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும். மறுநாளும் ஓடும். அதற்கு மறுநாளும் ஓடும். இனி வராது என்று மனம் ஆறும் நேரத்தில், பாலத்தின் நடுவில் நிற்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வி, “சார் வரலையா மேடம்?” என்பது. ஓட்டுவது நான்தான் என்றேன். சர்வீஸ் அட்வைசர் ஜாப் கார்டில் ‘ஸ்டார்ட்டிங் பிராப்ளம்’ என்று எழுதினார். “ஸ்டார்ட் ஆகுது தம்பி, ஓடும்போதுதான் நிக்குது” என்றேன். தலையாட்டினார், எழுதியதை மாற்றவில்லை. சாயங்காலம் போன் வந்தது. “ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு மேடம், எரர் எதுவும் காட்டல. ட்ரையலும் பார்த்துட்டோம். ஒண்ணும் இல்ல.” பில்லில் த்ராட்டில் பாடி கிளீனிங் இருந்தது. அடுத்த முறை பேட்டரி மாறியது. பிறகு ஃபியூவல் பம்ப். ஒவ்வொரு முறையும் வண்டியைப் பளபளவென்று கழுவித் தந்தார்கள். “கிளட்ச்ச மெதுவா விட்டுப் பாருங்க மேடம்” என்றும் ஒருவர் சொன்னார். டாப் கியரில் எண்பதில் போகும் வண்டி நிற்பதற்குக் கிளட்ச் எப்படிக் காரணமாகும்? பணம் போனதுகூட ஆறிவிட்டது. என் கண்ணால் பார்த்ததை நானே சந்தேகிக்கும்படி ஆனது இன்றுவரை ஆறவில்லை.

அம்மாவுக்கும் இது நடந்திருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது அவளுக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் குளிர் பிடித்துக்கொள்ளும். வீட்டிலிருக்கிற போர்வை அத்தனையும் போர்த்தினாலும் கட்டில் ஆடும். பிறகு அனல், பிறகு வேர்வை. விடிந்தால் எழுந்து உலை வைப்பாள். டாக்டரிடம் போகிற நேரத்தில் உடம்பு சில்லென்றிருக்கும். “வெயில்ல அலையாதீங்கம்மா” என்று மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் வயதான நர்ஸம்மா ஒருவர்தான், “குளிரு எத்தன மணிக்குக்கா வருது?” என்று கேட்டார். நடுங்கும்போதே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அப்படியே கொண்டுபோனோம். விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம், கண்ணாடித் தகடு, மறுநாள் பதில்: மலேரியா. அந்த வகைக் கிருமி 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வரும். குளிர் அப்போதுதான் வரும். நான் அதைப் பாடப்புத்தகத்தில் படித்தது பல வருடங்கள் கழித்து. அம்மா முதல் வாரத்திலிருந்தே நேரம் தவறாமல் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நர்ஸம்மாவின் அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்டது, துறைமுகம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில். லாரிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற அண்ணாச்சி. பானெட்டைத் திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். “எவ்வளவு தூரம் ஓடினப்புறம் நிக்கி? ஏசி போட்டிருந்தியளா? நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு படக்குன்னு விழுதா, வண்டியோட சேந்து மெல்ல எறங்குதா?”

படக்கென்று விழுகிறது, வண்டி இன்னும் வேகமாக உருளும்போதே பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது என்றேன். அதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்திருந்தேன். அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கு அந்தப் பதிலே பாதி வேலையை முடித்துவிட்டது. கியரில் உருளும் வண்டியில் பெட்ரோல் நின்றாலும் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். முள் மெல்லத்தான் இறங்க வேண்டும். சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், இன்ஜின் சுற்றுகிற செய்தியே கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. அந்தச் செய்தியைத் தருவது கிராங்க் சென்சார். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி. எதிரே பல்சக்கரம் சுற்றச் சுற்ற அதில் மின்துடிப்பு எழும். கம்பியில் எங்கோ ஒரு விரிசல் இருந்தால், சூட்டில் விலகும், ஆறினால் சேரும்.

“மத்தியானம் வாங்க. ரெண்டு பேருமாப் போவோம்” என்றார். வந்தார். வாகைக்குளம் தாண்டி வண்டி நின்றது. அன்றைக்கு மட்டும் அது நின்றதில் எனக்குச் சந்தோஷம். சென்சார் பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். இணைப்பே இல்லை. சூடு இறங்க இறங்கக் காத்திருந்தோம். மீட்டர் மெல்ல உயிர்பெற்று எண்களைக் காட்டியது. ஃபியூவல் பம்புக்குக் கொடுத்த தொகையில் ஒரு சிறு பங்குதான் புது சென்சார். அதன்பிறகு அந்தக் கார் வழியில் நிற்கவில்லை.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை என்பதையும் அண்ணாச்சிதான் விளக்கினார். பல கோளாறுகளைக் கம்ப்யூட்டர் ஒருமுறை கண்டதும் உறுதி செய்யாது. அடுத்த ஓட்டத்திலும் வந்தால்தான் விளக்கை எரிய விடும். வராமலே பல ஓட்டம் போனால் தானே அழித்துவிடும். சென்சார் செய்தி அறுந்தால், இன்ஜினையே யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு எதையும் பதியாமல் விடுவதும் உண்டு. சர்வீஸ் சென்டரில் ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த வண்டியைக் காலையில் ஓட்டிப் பார்த்தால் எது தெரியும்? அம்மாவைக் காய்ச்சல் இல்லாத நேரத்தில் சோதித்ததும் இதுவும் ஒன்றுதான்.

அந்த மதியங்களில் நான் பிழைத்தது அதிர்ஷ்டம் என்பதை, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் விவகாரம் வெளிவந்த செய்திகளைப் படித்தபோது உணர்ந்தேன். அந்தக் கம்பெனியின் சில கார்களில் ஓடும்போதே சாவி சுவிட்ச் நழுவி இன்ஜினை நிறுத்திவிடும், ஏர்பேக்கும் விரியாது. முழங்கால் பட்டாலோ சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ போதும். 2005-லேயே டீலர்களுக்குச் சுற்றறிக்கை போனது: சாவிக்கொத்தின் பாரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று. 2006-ல் சுவிட்சின் வடிவத்தை மாற்றினார்கள், பாக எண்ணை மாற்றாமல். 2010-ல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு இளம்பெண், வண்டி ஓடும்போதே அணைகிறது என்று டீலரிடம் விட்டார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். சில நாட்களுக்குள் விபத்தில் இறந்தார். பெற்றோர் தொடுத்த வழக்கில், பழைய சுவிட்சையும் புதியதையும் ஒரு பொறியாளர் பக்கத்தில் வைத்துப் பார்த்தபிறகுதான் அந்த மாற்றம் வெளியே தெரிந்தது. 2014-ல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. பில்லில் ‘கிளீனிங்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்.

நம் நாட்டிலும் இப்போது சட்டம் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவைச் சேர்த்தார்கள். குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசு ஆணையிடலாம். விற்ற வண்டிகளுக்கு ஏற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர வேண்டும் என்கின்றன விதிகள். ஓடும்போது நிற்பதை ‘ஸ்டார்ட்டிங் பிராப்ளம்’ என்று எழுதினால், அந்தப் புகார் எந்தக் கணக்கில் சேரும்? அதே 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, வக்கீல் வைக்காமல், இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். அங்கேயும் முதலில் கேட்பது ஜாப் கார்டைத்தான்.

ஆகவே என் மாணவிகள் வண்டி வாங்கினால் அவர்களிடம் சொல்கிறேன்: நின்ற இடம், நேரம், ஓடிய தூரம், முள் விழுந்த விதம், எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள், உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். சர்வீஸ் சென்டர்களிடம் கேட்பதும் அதிகமில்லை. பழுது தென்படவில்லை என்றால், எந்த வெயிலில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். இதற்குப் புதுக் கருவி வேண்டாம். மத்தியான வெயிலில் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து வர ஓர் ஆள் போதும்.